தெரியாது என்று சொல்லும் முகவர்

அன்புள்ள ஐயா,

ஃபுளோரிடாவின் தென்மேற்குக் கரையில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். மென்பொருள் சோதனைப் பிரிவில் பார்த்துவந்த வேலை சென்ற ஆண்டு போய்விட்டது. ரியல் எஸ்டேட் முகவர் உரிமம் வாங்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் இங்கே சந்தை படுத்துக் கிடக்கிறது. ‘விற்பனைக்கு’ என்ற பலகைகள் மாதக்கணக்கில் நட்டது நட்டபடி நிற்கின்றன. விலை எப்போது ஏறும், எந்தப் பயிற்சி வகுப்பில் சேர்வது, காணொளி போட்டால் ஆட்கள் வருவார்களா, நம் உச்சரிப்பு தடையாக இருக்குமா என்றெல்லாம் குழம்பிப்போயிருக்கிறேன். காப்பீட்டுக்கும் குடியிருப்புச் சங்கம் கேட்கும் மாதக் கட்டணத்துக்கும் அஞ்சி, வந்த விலைக்கு விற்றுவிடத் தவிக்கும் முதியவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து மலிவாக வாங்கிக் கொடுப்பதில் தொடங்கலாமோ என்றும் ஒரு யோசனை. தெரிந்த குடும்பம் ஒன்று கடலைப் பார்த்த காண்டோ ஒன்றை, அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தில் சொந்தமாக வாங்கும் வீட்டை, இப்போதே பார்த்துத் தரச் சொல்கிறது. நீங்கள் முன்பு ஃபுளோரிடாவில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். நான் தொடங்கலாமா? பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

வேலை போன வீட்டில் காலை பத்து மணி எப்படி இருக்கும் என்பதை நான் அறிவேன். உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில்கூட அழுகை இல்லை, ஆயினும் அதை எழுத எத்தனை நாட்கள் எடுத்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துப்பார்த்தேன். நீங்கள் தொடங்கலாம். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அந்தக் கரையில் வீடு வாங்குபவர்களில் பலர் வேறெங்கிருந்தோ வந்தவர்கள்தாம். பயிற்சி 63 மணி நேரம், தேர்வு 100 கேள்விகள், 75 எடுத்தால் தேர்ச்சி. எந்த வகுப்பில் சேர்ந்தாலும் பாடம் ஒன்றுதான். காணொளி உங்கள் விருப்பம். விலை எப்போது ஏறும் என்று எவர் தேதி சொன்னாலும் நம்பாதீர்கள்.

முதியவர்களைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. மறைக்க விரும்பவில்லை. அந்த மனிதர்கள் ஏன் தவிக்கிறார்கள் என்று ஒருமுறையாவது விசாரித்தீர்களா? 2021 ஜூன் 24 அதிகாலையில் மயாமிக்கு அருகே சர்ஃப்சைடில் சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத் என்ற பன்னிரண்டு மாடிக் கட்டடம் உறக்கத்திலிருந்தவர்கள்மேல் இடிந்து விழுந்து 98 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த மாநிலச் சட்டம், மூன்று மாடியும் அதற்கு மேலும் உயர்ந்த, முப்பது ஆண்டைக் கடந்த காண்டோக்களை எல்லாம் பொறியாளரைக் கொண்டு சோதிக்கச் சொன்னது. கூரைக்கும் தூணுக்கும் ஆகப்போகும் செலவைக் கணக்கிட்டு முன்கூட்டியே நிதி சேர்க்கச் சொன்னது. அதுவரை உரிமையாளர்கள் ஆண்டுதோறும் வாக்கெடுத்து அந்த நிதியைச் சேர்க்காமலே காலம் தள்ள முடிந்தது. ஆகவே மாதக் கட்டணம் குறைவாக இருந்த அத்தனை ஆண்டுகளும் எழுதப்படாத கடன் ஏறிக்கொண்டிருந்தது. 2022-இல் இயன், 2024-இல் இரண்டு வார இடைவெளியில் ஹெலீன், மில்டன் என்று புயல்கள் வந்து காப்பீட்டுச் சுமையையும் ஏற்றின. ஓய்வூதியத்தில் வாழும் எண்பது வயதுப் பெண்மணியிடம் முப்பது ஆண்டுக் கடனை ஒரே ஆண்டில் கட்டச் சொன்னால் அவர் விற்கத்தான் செய்வார். அவர் கதவைத் தட்டி, அவருடைய அச்சத்தை விலையாக மாற்றிக்கொண்டு வரலாம் என்று யோசிக்கிற மனம் உங்களுடையது அல்ல. வேலை போன கலக்கத்தில் யாரோ சொன்னதை எழுதிவிட்டீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய காகிதங்களை ஒழிக்கும்போது 2006-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று கையில் கிடைத்தது.

2005-இல் நானும் என் மனைவியும் அட்லாண்டிக் கரையில் ஒரு காண்டோ பார்த்தோம். முதலில் எங்களை அழைத்துச் சென்ற முகவர் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். சாவி கையில் இருந்தும் அவர் எங்களை முதலில் மேலே கூட்டிச் செல்லவில்லை. கட்டடத்துக்கு அடியில் இருந்த கார் நிறுத்தத்துக்கு அழைத்துப்போய் அண்ணாந்து பார்க்கச் சொன்னார். கான்கிரீட்டில் பழுப்பு நிறத்தில் துருக் கறை கோடுகோடாக இறங்கியிருந்தது. ஓரிடத்தில் பெயர்ந்து விழுந்து உள்ளே கம்பி தெரிந்தது. கடற்காற்றின் உப்பு மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது என்றும், துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும் என்பதால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கிறது என்றும், பூசி வெள்ளையடித்தால் இரண்டு மழைக்குத் தாங்கும் என்றும் பொறுமையாக விளக்கினார். பிறகு, குடியிருப்புச் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளைக் கேட்டிருப்பதாகவும் அவை வர ஒரு வாரம் ஆகும் என்றும் சொன்னார்.

ஒரு வாரம் காத்திருக்கும் காலமா அது? காலையில் பார்த்த வீடு மாலையில் போய்விடும் காலம். பிறகு மேலே போனபோது ஆறாவது மாடியில் கடல் தெரிந்தது, என் மனைவி அந்த ஜன்னலருகே நின்றதை நான் பார்த்துவிட்டேன். வேறொரு முகவரிடம் போனோம். அவர் இரண்டே நாளில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். பதினான்கு மாதம் கழித்துச் சங்கத்திடமிருந்து வந்ததுதான் அந்தக் கடிதம். தூண்களையும் பால்கனிகளையும் செப்பனிடச் சிறப்பு வசூல். எங்கள் பங்கு 38,000 டாலர். பிறகு கூட்டக் குறிப்புகளை வாங்கிப் பார்த்தேன். நாங்கள் வாங்குவதற்கு எட்டு மாதம் முன்பே, பொறியாளரின் மதிப்பீட்டுடன், மூன்று கூட்டங்களில் இது பேசப்பட்டிருந்தது. முகவரைத் தொலைபேசியில் அழைத்தேன். “எனக்குத் தெரியாது” என்றார். அவர் சொன்னது உண்மை. அவர் யாரிடமும் கேட்கவில்லை, ஆகவே அவருக்குத் தெரியாது.

சகோதரி, உங்கள் தொழிலின் முழு அறமும் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது என்று பல ஆண்டுகளாக நினைத்துவருகிறேன். கூரை ஒழுகுவதை மறைத்து விற்ற ஒரு வழக்கில் 1985-இல் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம், வீட்டின் மதிப்பைப் பாதிக்கும் குறை தனக்குத் தெரிந்திருந்தால் விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. முகவருக்கும் சட்டம் அதையே விதிக்கிறது: கண்ணுக்கு எளிதில் புலப்படாத, மதிப்பைப் பாதிக்கும், தனக்குத் தெரிந்த எதையும் சொல்லிவிட வேண்டும். ‘தனக்குத் தெரிந்த’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நேர்மையைக் காப்பதற்கு எழுதப்பட்ட அந்தச் சொல்லிலிருந்து தொழிலில் ஒரு தீய பழக்கம் வளர்ந்துவிட்டது. தெரிந்தால் சொல்ல வேண்டும், சொன்னால் வியாபாரம் கெடும், ஆகவே தெரிந்துகொள்ளாமல் இருப்பதே பாதுகாப்பு என்று அனுபவசாலிகள் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். உங்களுக்கும் கற்றுக்கொடுப்பார்கள், அதை விவேகம் என்ற பெயரில் அன்பாகவே சொல்லித் தருவார்கள். இது அந்தக் கரையின் பழைய நோய். 1925-இல் மயாமித் தெருக்களில் நிலத்துக்கு முன்பணம் கட்டிய சீட்டுகளைக் கைமாற்றியே பிழைத்த இளைஞர் கூட்டம் ஒன்று இருந்தது. வாங்கியவரும் விற்றவரும் நிலத்தைப் போய்ப் பார்க்காமலே அது பலமுறை கைமாறியது. 1926 செப்டம்பர் 18 அன்று புயல் வந்து மயாமியைப் புரட்டிப் போட்டது.

வெள்ளத்திலும் இதே கதைதான். 2024 அக்டோபர் 1 முதல் விற்பவர் வெள்ளம் பற்றிய படிவம் ஒன்றைத் தர வேண்டும் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் அன்று அந்தப் படிவம் கேட்டவை இரண்டே: வெள்ளச் சேதத்துக்குக் காப்பீட்டில் பணம் கோரினீர்களா, மத்திய அரசின் உதவி பெற்றீர்களா? வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குச் செல்லாது; அதற்குத் தனிக் காப்பீடு வேண்டும், பலரிடம் அது இல்லை. முழங்கால்வரை தண்ணீர் நின்ற வீட்டைக் கைப்பணத்தில் சரிசெய்தவர் அன்று இரண்டு கேள்விக்கும் ‘இல்லை’ என்று எழுத முடிந்தது. அதில் ஒரு பொய்யும் இருக்கவில்லை. படிவம் எதைக் கேட்டாலும் நீங்கள் இன்னொரு கேள்வியைக் கேட்க வேண்டும்: “தண்ணீர் எதுவரை வந்தது?” அடுத்த வீட்டுக்காரரிடமும் கேளுங்கள், அவருக்கு நினைவிருக்கும். கார் கொட்டகையில் அலமாரியை நகர்த்திச் சுவரைப் பாருங்கள்.

விலை ஏறும் காலத்தில் இப்படிக் கேட்பவருக்குத் தொழில் நடக்காது. அந்த அம்மையாருக்கு எங்களால் நடக்கவில்லை. இப்போது வாங்குபவருக்கு அவசரமில்லை. ஒரு வாரம் காத்திருப்பார். அதனால்தான் இப்போதே தொடங்குங்கள் என்கிறேன். இரண்டு ஆண்டு வருமானம் மெலிந்தே இருக்கும். கணவரின் சம்பளத்தில் குடும்பம் நடக்குமா என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். யாரிடம் சேர்வது என்று நீங்கள் கேட்கவில்லை. பயிற்சி வகுப்பைவிட அதுதான் முக்கியம். உரிமம் வந்தாலும் நீங்கள் ஒரு புரோக்கரின், அதாவது தனித்துத் தொழில் நடத்தும் உரிமம் பெற்ற தரகரின், கீழ்தான் வேலை செய்ய முடியும். கமிஷனும் அவர் கையால்தான் வரும். சேரும் முன் அவரிடம், கடைசியாக எந்த வீட்டை வாங்க வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் சொன்னீர்கள் என்று கேளுங்கள். அவர் விழித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த அந்தக் குடும்பத்திடம் உரிமம் வரும்வரை ஒரு டாலர்கூட வாங்காதீர்கள். உரிமமின்றிக் கூலிக்குத் தரகு செய்வது அங்கே குற்றம். தோழியாக ஒன்று செய்யலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்தக் கட்டடத்தின் பொறியாளர் அறிக்கையையும், கையிருப்பு நிதிக் கணக்கையும், கடந்த மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகளையும் விற்பவரிடமிருந்து கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சர்ஃப்சைடில் 2018-லேயே பொறியாளர் ஒருவர் நீச்சல் குளத் தளத்தின் அடியில் இருந்த பெரிய சேதத்தை எழுதிக் கொடுத்திருந்தார். 2021 ஏப்ரலில் சங்கத் தலைவர், சேதம் மோசமாகிவிட்டது என்று உரிமையாளர்களுக்குக் கடிதமே அனுப்பியிருந்தார். காகிதங்களில் எல்லாம் இருந்தது. அந்தக் குடும்பம் கேட்ட காகிதங்கள் வந்ததும் அவர்களுடன் உட்கார்ந்து நீங்களும் படியுங்கள், ‘கான்கிரீட்’ என்ற சொல் வரும் இடத்தை எல்லாம் அடிக்கோடிடுங்கள். தர மறுத்தால், யார் மறுத்தார், என்ன காரணம் சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.