‘ம’வில் ஒரு பூப்பெயர்: பிறப்புப் பத்திரத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். மகள் பிறந்து ஒரு வாரம் ஆகிறது. மகம் நட்சத்திரம், முதல் பாதம். ‘ம’வில் தொடங்கச் சொல்கிறார் ஐயர். பூ, நிலா, மரம் என்று இயற்கையை ஒட்டிய தமிழ்ப் பெயர் வேண்டும் என்பது எங்கள் ஆசை. அம்மா மலர்விழி என்கிறார். மனைவிக்கு மதி பிடித்திருக்கிறது. தங்கை நிலா என்கிறாள். ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதிக் காட்டுகிறார்கள். எண்கணிதம் பார்ப்பவரோ ஓர் எழுத்தைக் கூட்டச் சொல்கிறார். பதிவுக்குப் போகுமுன் எதையெதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் பெயரைத் தமிழில் முடிவு செய்து, தமிழில் பிழையில்லாமல் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். ஆங்கில எழுத்து அதற்குப் பிறகுதான். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. இணையத்தில் ஆங்கில எழுத்தில் பார்த்த பெயரை அப்படியே பதிந்துவிட்டு, தமிழ்ப்பள்ளியில் சேர்க்கும் நாளில் ‘லகரமா, ளகரமா’ என்று ஆசிரியர் கேட்கும்போது விழிக்கிறார்கள்.

நம் நாட்டுப் பிறப்புப் பத்திரத்தில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. அதில் பதியும் ஆங்கில எழுத்துகளே குழந்தைகளின் அடையாள அட்டையான மைகிட்டுக்கும், 12 வயதில் எடுக்கும் அடையாள அட்டையான மைகாட்டுக்கும், பாஸ்போர்ட்டுக்கும், பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் சான்றிதழுக்கும், பிறகு சேமநிதிக்கும் வங்கிக்கும் போகும். அந்த எழுத்துகளைப் படிக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் மலாய் படித்துப் பழகியவர்கள். கிளினிக்கில் எண் கூப்பிடும் தாதியும், பள்ளியில் வருகை எடுக்கும் ஆசிரியரும், முகப்பில் உட்கார்ந்திருக்கும் அலுவலரும் அதை மலாய் உச்சரிப்பில்தான் வாசிப்பார்கள். ஆகவே ஆங்கிலத்தில் எப்படி ஒலிக்கிறது என்பதை விட, மலாயில் எப்படி ஒலிக்கிறது, மலாயில் அதற்கு என்ன பொருள் வருகிறது என்பதுதான் முக்கியம்.

உங்கள் பட்டியலில் மிகவும் யோசிக்க வேண்டிய பெயர் மதி. தமிழில் நிலவையும் அறிவையும் சேர்த்துச் சொல்லும் அழகான சொல் அது. ஆனால் மலாய் வாயில் ‘டி-எச்’ என்ற இரட்டையெழுத்து வெறும் ‘த’ என்றே வரும். அப்போது அது ‘மாத்தி’ ஆகிவிடும். மலாயில் ‘மாத்தி’ என்றால் இறந்துபோனது என்று பொருள். ‘எச்’ எழுத்தை விட்டுவிட்டு எழுதினால் தாளிலேயே அந்தச் சொல் நிற்கும். அதற்காக மதியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. வளர்மதி, இளமதி என்று பெயரின் பின்பாதியில் வந்தால் யார் காதுக்கும் அந்தச் சொல் எட்டுவதில்லை; ஒரே பெயராகத்தான் கேட்கும். ‘ம’வில்தான் தொடங்க வேண்டும் என்றால் மதிமலர், மதியழகி என்று ஒரே சொல்லாக, நடுவில் இடைவெளி விடாமல் எழுதுங்கள். இடைவெளி விட்டால் வகுப்பில் முதல் துண்டை மட்டும் கூப்பிடுவார்கள். ‘எச்’ கட்டாயம் இருக்கட்டும். வீட்டில் சுருக்கிக் கூப்பிடும் பெயரும் மதியாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் நல்லது. வீட்டுப் பெயர் எப்படியும் பள்ளிக்கூடம் வரை போய்விடும்.

நிலாவில் இரண்டு சிக்கல். மலாயில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. என்-ஐ-எல்-ஏ என்று நான்கே எழுத்தில் எழுதினால் நிலா, நீலா இரண்டும் ஒன்றாகிவிடும். இன்னொன்று, மலாயில் ‘நீலா’ என்பது அவுரிச் சாயம். ‘கெரானா நீலா செதித்திக், ரோசாக் சூசு செபெலாங்கா’ என்று பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் மனப்பாடம் செய்யும் பழமொழி இருக்கிறது: ஒரு சொட்டு நீலத்தால் ஒரு பானைப் பால் கெட்டது என்பது அதன் கருத்து. அந்தப் பாடம் வரும் நாளில் வகுப்பு முழுவதும் உங்கள் பெண்ணைத் திரும்பிப் பார்க்கும். கடைசியில் இன்னொரு ‘ஏ’ சேர்த்து ஐந்தெழுத்தாக எழுதினால் பழமொழிச் சொல்லிலிருந்து பார்வைக்கு விலகும்; தமிழ் தெரிந்தவருக்கு ‘லா’ நெடில் என்பதும் புரியும். எண்கணிதத்துக்காக எழுத்து கூட்டித்தான் ஆக வேண்டும் என்றால், இப்படி ஒலியைக் கெடுக்காத இடத்தில் கூட்டுங்கள். முதலெழுத்துக்குப் பின்னால் ‘எச்’ போடுவது, நடுவில் மெய்யை மூன்றாக அடுக்குவது போன்றவை வேண்டாம். அப்படி எழுதிய பெயரைத் தொலைபேசியில் சொல்லும் ஒவ்வொரு முறையும் பிள்ளை எழுத்தெழுத்தாகச் சொல்லியாக வேண்டும். டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டிலும் ஓரெழுத்து மாறினால் விமான நிலையத்தில் தொல்லை.

அம்மா சொல்லும் மலர்விழிக்கு வருவோம். இந்த மூன்றில் என் தேர்வு இதுதான். மலாயில் ‘மாலார்’ என்றால் மாறாதது, நிலையானது. என்றும் பசுமையான மரத்துக்கு ‘மாலார் ஹீஜாவ்’ என்பார்கள். வானொலியில் பழைய பாட்டு போடும்போது ‘மாலார் செகார்’ என்பார்கள். தமிழில் பூ, மலாயில் வாடாதது. இதைவிட நல்ல பொருத்தம் கிடைப்பது கடினம். பின்னாளில் அறிவியல் பாடத்தில் ‘பெமாலார்’ என்று வரும்போது பிள்ளைகள் கொஞ்சம் சிரிக்கலாம். அது கணிதத்தில் மாறிலியைக் குறிக்கும் சொல், அதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

கவனிக்க வேண்டியது ‘விழி’. பழைய தோட்டத்துப் பத்திரங்களில் ழகரத்தை ஒற்றை ‘எல்’லில் எழுதியிருப்பார்கள். பெயர் எழுதிய கிராணிக்கு, அதாவது தோட்டத்து எழுத்தருக்கு, காதில் விழுந்தது அதுதான். இன்று ‘இசட்-எச்’ பரவலாகிவிட்டது. மலாய் ஆசிரியர் அதை ‘விஸி’ என்று வாசிக்கலாம். ஒரு தரம் திருத்தினால் பழகிவிடும். உலகில் எங்கிருக்கும் தமிழரும் இந்த இரண்டு எழுத்தைப் பார்த்ததும் ழகரம் என்று தெரிந்துகொள்வார்கள் என்பதால் நான் இதையே பரிந்துரைப்பேன். இரண்டையும் கலந்து ‘எல்-இசட்-எச்’ என்று எழுதாதீர்கள். ஒற்றை ‘எல்’ போதும் என்று நினைத்தால் அது ஒற்றையாகவே இருக்கட்டும். இரண்டு ‘எல்’ போட்டால் விழி வில்லியாகிவிடும்.

‘ம’வில் இன்னும் தேடுகிறீர்களா? மகிழ்மலரை எண்ணிப் பாருங்கள். மகிழமரம் நமக்குப் புதிதல்ல. மலாய்க்காரர்கள் தஞ்சோங் என்று சொல்லும் மரம் அது, இங்கே நிழலுக்காக நட்டு வளர்ப்பது. நட்சத்திரம் போன்ற சின்ன வெளிர்மஞ்சள் பூ உதிர்ந்து காய்ந்த பிறகும் மணக்கும். மந்தாரையும் நல்ல பெயர். முல்லையை மலாயில் வாசித்தால் ‘மூலாய்’, அதாவது தொடக்கம் என்று கேட்கும், தலைப்பிள்ளைக்குப் பொருந்தும். ஆனால் ‘மு’ மகத்தின் மூன்றாம் பாதத்து எழுத்து என்பதால் ஐயர் ஒத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். பெயர் சூட்டும்போது காதில் சொல்ல நட்சத்திரப் பெயர் ஒன்று, பத்திரத்துக்கு ஒன்று என்று வைக்கும் வழக்கமும் உண்டு. அப்படிச் செய்தால் நிலாவுக்கும் வழி பிறக்கும்.

மயில், மான், மாங்கனி, மாதுளை பக்கம் போகுமுன் ஒன்று. பொருத்தமற்ற பெயர்கள் பற்றித் தேசியப் பதிவு இலாகா 2006இல் வெளியிட்ட வழிகாட்டியில் விலங்கு, பூச்சி, பழம், காய்கறி, நிறம் ஆகியவற்றின் பெயர்கள் இடம்பெற்றன. கருப்பசாமி என்ற பெயர்கூட அப்போது செய்தியில் அடிபட்டது. தனியாக ‘மயில்’ என்று வைப்பதைவிட மயில்விழி என்று வைப்பது பாதுகாப்பு. பூப்பெயர் வைத்து, முகப்பில் பொருள் கேட்டால் தயங்காமல் ‘நாமா புங்கா’, பூவின் பெயர் என்று சொல்லுங்கள்.

தமிழ் எழுத்திலும் தவறு நேரும். மலர்க்கொடியில் ‘க்’ உண்டு, தாமரைச்செல்வியில் ‘ச்’ உண்டு. வெண்மையும் நிலாவும் சேர்ந்தால் வெண்ணிலா; ‘வென்னிலா’ என்று எழுதினால் பொருள் போய்விடும். மலர்விழியில் ஒற்று எதுவும் மிகாது.

எழுத்தை முடிவு செய்தபின் ஒரு சோதனை செய்யுங்கள். பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி, முன்கூட்டி எதையும் சொல்லாமல், பக்கத்து வீட்டு மலாய்க்காரரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். மளிகைக்கடைச் சீனரிடமும் கொடுங்கள். பிறகு ஒரு தமிழ் ஆசிரியரிடம் கொடுத்து அதைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதியது நீங்கள் நினைத்த பெயராக இருந்தால் அந்த எழுத்துக்கூட்டல் தேறிவிட்டது. நீளத்தையும் எண்ணுங்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் வரியில் பெயருக்கு 39 இடம்தான். மலர்விழியை ‘இசட்-எச்’ போட்டு எழுதினால் 10 எழுத்து. அதோடு ‘மகள்’ என்பதைக் குறிக்கும் ‘ஏ/பி’யும் சுப்பிரமணியம் என்ற 11 எழுத்துத் தகப்பன் பெயரும் இடைவெளிகளும் சேர்ந்தால் 26 வரும். தாராளம்.

பதிவன்று உங்கள் பெயரை உங்கள் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். அதில் பழைய பிழை இருந்தாலும் இங்கே திருத்தி எழுதக் கூடாது. பாரத்தைப் பெரிய எழுத்தில் நீங்களே நிரப்புங்கள். வாயால் சொல்லி எழுத வைக்காதீர்கள். கையெழுத்துப் போடுமுன் குழந்தையின் பெயரைக் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்து வரை பின்னோக்கி ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள். நேராக வாசித்தால் கண் பழக்கத்தில் விட்டுப்போகும் ‘எச்’, இப்படிப் பார்த்தால் அகப்படும். பத்திரம் கைக்கு வந்ததும் அதன் நகல் ஒன்றின் ஓரத்தில் தமிழ்ப் பெயரை எழுதிக் கோப்பில் வையுங்கள். முதலாம் ஆண்டுப் பதிவுக்குத் தமிழ்ப்பள்ளிக்குப் போகும்போது அந்த நகலையே கொடுத்துவிடலாம்.