விடுதி ஏசி அறைக்குக் கல்விக் கடன் வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் உசிலம்பட்டி. மகளுக்கு மதுரையில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. படிப்புக் கட்டணம் வருடத்துக்கு 90,000 ரூபாய். விடுதியில் சாதாரண அறை சாப்பாட்டோடு 70,000, நான்கு பேர் தங்கும் ஏசி அறை 1,10,000. வெயில் காலத்தில் வேர்க்குரு வந்து தூங்கமுடியாமல் தவிப்பவள், அதனால் ஏசிதான் வேண்டும் என்கிறாள். கணவரின் ஒர்க்‌ஷாப்பில் மாதம் 45,000 ரூபாய் போல வருகிறது. தபால் நிலையத்தில் மாதம் 3,000 ரூபாய் ஆர்டி போட்டு நான்கு வருடம் முடிந்துவிட்டது. ஏசிக்கு ஆகும் கூடுதல் பணத்தைக் கல்விக் கடனில் சேர்த்துவிடலாமா, ஆர்டியை உடைக்கலாமா? வங்கியில் வட்டி 10% என்றார்கள்.

பதில்: இரண்டும் வேண்டாம். முதல் வருடம் சாதாரண அறையிலேயே சேருங்கள். மகள் முகம் சுளிப்பாள், தெரியும். கணக்கைப் பார்த்துவிட்டு அவளிடமும் காட்டுங்கள்.

வருடத்துக்கு 40,000 கூடுதல் என்றால் நான்கு வருடத்தில் 1,60,000. இதைக் கடனில் சேர்த்தால், படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். முதல் வருடம் வாங்கிய 40,000-க்கு ஐந்து வருட வட்டி 20,000. அடுத்தடுத்த வருடங்களுக்கு 16,000, 12,000, 8,000. இது தனிவட்டிக் கணக்குதான். ஆக, அவள் முதல் தவணை கட்டும்போது ஏசிக்கான கடன் மட்டும் 2,16,000 ஆகியிருக்கும். அதை ஏழு வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 3,590 ரூபாய், மொத்தம் 3 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும், எப்போதோ தூங்கிய அறைக்கு வாடகை கட்டிக்கொண்டிருப்பாள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண அறை என்றால் நான்கு வருடச் செலவு 6.4 லட்சம், ஏசி அறை என்றால் 8 லட்சம். பொதுவாக 7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கமாட்டார்கள். அதைத் தாண்டினால் கேட்பார்கள். 4 லட்சத்துக்கு மேல் போனால் செலவில் 5% நீங்கள் கையிலிருந்து போடவேண்டும், அதைக் கழித்தாலும் 7.6 லட்சம் நிற்கிறது. ஒரு ஏசிக்காக வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய் வைப்பீர்களா? மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தின் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் பிணை தேவையில்லை. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருப்பதால் தவணை தொடங்கும்வரை 3% வட்டிச் சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம். அப்போதும் ஏசிப் பங்குக்கு 39,000 ரூபாய் போல வட்டி கட்டவேண்டியிருக்கும்.

சரி, இந்த 40,000-க்கு என்ன கிடைக்கிறது? மதுரை வெயிலைக் குறைத்துச் சொல்லமாட்டேன். தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும், இங்கே ஆடி ஆவணியிலும் புழுக்கம்தான். ஆனால் அக்னி நட்சத்திரம் கொளுத்தும் மே மாதத்தில் பெரும்பாலும் கல்லூரி விடுமுறை. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தை, மாசி வரை ராத்திரிக்கு ஃபேனே போதும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். பண்டிகை, செமஸ்டர் விடுமுறையையும் கழித்தால், ஏசி உண்மையிலேயே தேவைப்படுவது 90 ராத்திரி போல இருக்கும். ஒரு ராத்திரிக்கு 440 ரூபாய்!

மின்சாரத்துக்கு அவ்வளவு ஆகாது. ஒன்றரை டன் ஏசி எட்டு மணி நேரம் ஓடினால் தோராயமாக 10 யூனிட். யூனிட்டுக்கு 12 ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் 120 ரூபாய், நான்கு பேர் பங்குபோட்டால் தலைக்கு 30. மீதிப் பணம் எதற்கு என்று விடுதி அலுவலகத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். ஏசி பிளாக் புதுக் கட்டடம், அறைக்குள்ளேயே பாத்ரூம் என்று இருந்தால் அதற்கு ஒரு விலை உண்டுதான். ஏசி எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை ஓடும், கரண்ட் பில் தனியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். (நான்கு பெண்களில் ஒருத்தி 18-இல் வைப்பாள், ஒருத்தி போர்வைக்குள் நடுங்குவாள். அந்தப் பஞ்சாயத்துக்கு என்னிடம் தீர்ப்பு இல்லை.)

சாதாரண அறையிலும் அறைக்கு அறை வித்தியாசம் இருக்கிறது. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் ராத்திரி முழுக்க அனலைக் கீழே இறக்கும். மேற்குச் சுவரும் அப்படித்தான். தரைத்தளம் அல்லது முதல் தளம், எதிரெதிரே ஜன்னல், அதில் கொசுவலை என்று பார்த்து, சேரும் அன்றே வார்டனிடம் கேட்டுவிடுங்கள். அனுமதித்தால் ஒரு டேபிள் ஃபேன். ஏர் கூலர் வேண்டாம். பங்குனி, சித்திரையின் வறண்ட காற்றுக்கு அது சரிப்படும், மழைக்காலத்தில் அறை பிசுபிசுத்துவிடும்.

அப்புறம் ஆர்டி. ஐந்து வருடம் முடியும்முன் மூடினால் சேமிப்புக் கணக்கு வட்டி, அதாவது 4% மட்டுமே கிடைக்கும். இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் 2 லட்சத்துக்கு மேல் கைக்கு வரும். அதற்குள் மகளும் ஒரு வெயில் காலத்தை அங்கே பார்த்திருப்பாள். அப்போதும் ஏசி வேண்டும் என்றால், இரண்டாம் வருடத்திலிருந்து அந்தப் பணத்தில் கட்டுங்கள். அவளுக்கு வீசிங் போல ஏதாவது இருந்து டாக்டரே சொன்னால் மட்டும் இந்த வருடமே ஏசி அறை போடலாம். அப்போதும் கூடுதல் பணத்தை இரண்டு தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு மாத வருமானத்திலிருந்து கொடுங்கள். வருடத்தின் நடுவில் சாதாரண அறையிலிருந்து ஏசிக்கு மாறினால் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். ஏசியிலிருந்து இறங்கினால் பணம் திரும்பி வருவது கஷ்டம்.

வங்கி விண்ணப்பத்தில் விடுதிக் கட்டணம் 70,000 என்றே எழுதுங்கள். கல்லூரியிலிருந்து வாங்கும் கட்டண விவரக் கடிதத்திலும் அதே தொகை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.