1968 செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை, பழைய அணிகளைக் கணினியில் மோதவிடும் சிமுலேஷன் பேஸ்பால் லீக்கில் எடுத்திருக்கிறேன். இந்த சீசனில் தேறுமா?

தாராளமாகத் தேறும். ஆனால் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) பாப் கிப்சனின் 1.12 ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் பொறுப்பில் விட்ட ரன்; குறைந்தால் நல்லது) அப்படியே திரும்ப வரும் என்று நம்ப வேண்டாம். 1968 பிட்சர்கள் கொடிகட்டிப் பறந்த ஆண்டு. கார்டினல்ஸ் ஆடிய நேஷனல் லீக்கின் ஈ.ஆர்.ஏ. சராசரியே 2.99தான். பிட்சர்களுக்குச் சாதகமாக, பந்து வீசும் மேடு 15 அங்குல உயரம் இருந்தது, அடுத்த ஆண்டே 10 ஆகக் குறைத்துவிட்டார்கள். பல காலத்து அணிகள் மோதும் லீக்கில், அந்தந்த ஆண்டின் சராசரியை வைத்து மென்பொருள் எண்களைச் சரிக்கட்டினால் கிப்சன் கொஞ்சம் இறங்குவார். அதே கணக்கில் பேட்டர்கள் ஏறுவார்கள், அது நல்ல சேதி. இருந்தாலும் எனக்குக் கவலை ஹோம் ரன்தான் (பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிடும் அடி): அணியிலேயே அதிகம் அடித்த செபேடாவுக்கே 16தான். அதனால் 62 பேஸ் திருடிய (பேட்டர் அடிக்கும் முன்பே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்த) லூ பிராக்கை முதல் ஆளாக இறக்கி, ஓடவிடுங்கள்.