டாக்கிலிருந்து நேராகப் பவர் ஆம்ப்: கேட்டவையும் சொன்னவையும்

தஞ்சாவூரில் ஆம்ப் ரிப்பேர் பார்க்கிறவன் நான். இந்த வாரம் வந்த கேள்விகள், கேட்டவர் ஊர்ப் பெயரோடு. டாக் (DAC) என்றால் டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி; ப்ரீஆம்ப், வால்யூமும் எந்தப் பெட்டி பாடணும் என்பதும் பார்க்கும் பெட்டி; பவர் ஆம்ப், ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டி.

கும்பகோணம்: அண்ணே, புதுசா ஒரு டாக் வாங்கியிருக்கேன். ப்ரீஆம்ப் இல்லாம நேரா பவர் ஆம்ப்ல சொருகலாமா?

சொருகலாம் தம்பி. ஆனா டாக்ல வால்யூம் இருக்கான்னு முதல்ல பாருங்க. ஃபிக்ஸட் அவுட்புட் (எப்பவும் முழு அளவு) மட்டும்தான்னா வேண்டாம், அது மதகு இல்லாத வாய்க்கால். பெரும்பாலான டாக் முழு அளவுல 2 வோல்ட் தரும். ஆம்ப் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்குற அளவு, 26 டெசிபல்னா 20 மடங்கு, அப்போ 40 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கர்ல அது 200 வாட். உங்க ஆம்ப் 50 வாட்னா 1 வோல்ட்லயே அதோட எல்லை வந்துடும். மீதியெல்லாம் கிளிப்பிங்தான், அலையோட உச்சி வெட்டுப்பட்டு சத்தம் சிதையும்.

மன்னார்குடி: கம்ப்யூட்டர்லயே வால்யூம் குறைச்சுக்கிட்டா போதாதா?

நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு மார்கழி விடியக்காலை, தெருவே தூங்குது, நாதஸ்வரம் மெல்ல ஓடிக்கிட்டு இருக்கு. கம்ப்யூட்டர் அப்டேட் ஆகித் தானே ரீஸ்டார்ட் ஆச்சு, வால்யூம் நூத்துக்குப் போயிடுச்சு. அடுத்த பாட்டுல ஒரே அலறல். ஓடிப்போய் ஆஃப் பண்றதுக்குள்ள இடப்பக்க ட்வீட்டர்ல (கீச்சு சத்தத்துக்கான குட்டி ஸ்பீக்கர்) கருகின வாடை. மீட்டர் வச்சா முள் அசையல, காயில் அறுந்துபோச்சு. வீட்ல அன்னிக்குக் காபி கிடைச்சதே பெரிய விஷயம்.

இப்போ டாக்குக்கும் ஆம்புக்கும் நடுவுல சேனலுக்கு ரெண்டு ரெசிஸ்டர் போட்டிருக்கேன்: சிக்னல் வழியில 2.2 கிலோ ஓம், அதுக்கு அப்புறம் ஆம்ப் பக்கத்துலேர்ந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம். ஏறக்குறைய 10 டெசிபல் குறையும். ஆம்ப் பக்கத்து பிளக்குக்குள்ளேயே அடங்கிடும். இனிமே எது தவறினாலும் 2 வோல்ட் முழுசா உள்ள போகாது.

திருவையாறு: டிஜிட்டல் வால்யூமைக் குறைச்சா பிட் போயிடும்னு சொல்றாங்களே?

ஒரு பிட்டுக்கு 6 டெசிபல். 16 பிட் பாட்டை 24 பிட் டாக்ல ஓட்டினா 8 பிட் உபரி, அதாவது 48 டெசிபல் குறைக்கிற வரைக்கும் பாட்டுல எதுவும் வெட்டுப்படாது. தொல்லை வேற இடத்துல. வால்யூமைக் குறைச்சா பாட்டு குறையும், டாக்கோட அனலாக் பகுதியில இருக்கிற இரைச்சல் குறையாது. ராத்திரி ஸ்பீக்கர்ல காது வச்சா 'ஸ்ஸ்'னு கேட்கிறது அதுதான். மேல சொன்ன ரெசிஸ்டர் ஜோடி பாட்டு, இரைச்சல் ரெண்டையும் சேர்த்துக் குறைக்கும்.

மயிலாடுதுறை: கரண்டு போய்த் திரும்பி வந்தா ஸ்பீக்கர்ல 'டொம்'முனு ஒரு அடி விழுதுங்க.

ரெண்டும் ஒண்ணா ஆன் ஆகுது. டாக் நிதானத்துக்கு வர்றதுக்குள்ள ஆம்ப் முழிச்சுக்குது. கரண்டு போனதும் எழுந்து ஆம்ப் சுவிட்சை ஆஃப் பண்ணிடுங்க. ஆன் பண்றப்போ டாக் முதல்ல, ஆம்ப் கடைசியில; ஆஃப் பண்றப்போ நேர் எதிர். அதோட டாக் அவுட்புட்ல டிசி (அலையாம நிலையா நிக்கிற வோல்டேஜ்) இருக்கான்னும் அளந்து பாருங்க. ஆம்ப் இன்புட்ல அதைத் தடுக்கிற கப்பாசிட்டர் இல்லன்னா, 10 மில்லிவோல்ட் அங்கே 200 ஆகி ஸ்பீக்கர்ல உட்காரும்.

நாகப்பட்டினம்: ஒரு பக்கம் கரகரங்குது. டாக் போச்சா?

உப்புக் காத்துங்க. ஆர்சிஏ (டாக்கையும் ஆம்பையும் இணைக்கிற ஒயர் பிளக்) முனை கறுத்திருக்கும். ஆம்பை ஆஃப் பண்ணிட்டு கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, பிளக்கை நாலு சுத்து சுத்திப் போடுங்க.

திருவாரூர்: அப்போ ப்ரீஆம்ப் வாங்கின காசு தண்டமா சார்?

டிவி, ரெக்கார்ட் பிளேயர்னு நாலு பெட்டி இருந்தா வேணும். டாக் ஒண்ணுதான்னா வித்துடுங்க.