பித்தப்பை ஆபரேஷனில் பித்தக்குழாய் வெட்டுப்பட்டுவிட்டது. அதே மருத்துவமனையிலேயே சரிசெய்யலாமா?

அம்மாவுக்குக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்திருக்கிறார்கள். நாலைந்து நாள் கழித்து, பித்தக்குழாய் அடிபட்டிருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. அதே சர்ஜன் மறுபடி திறந்து தைத்துவிடலாம் என்கிறார், சம்மதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நான் டாக்டர் இல்லை. என் அக்காவுக்கு இதேதான் நடந்தது, கூடவே இருந்து பார்த்தவன். கல்லீரல், பித்தக்குழாய் ஆபரேஷன்களை வாடிக்கையாகச் செய்யும் சர்ஜிக்கல் காஸ்ட்ரோ பிரிவு உள்ள இடத்துக்கு அம்மாவை மாற்றச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவில் ஸ்டூவர்ட், வே என்ற இரு மருத்துவர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. முதலில் ஆபரேஷன் செய்த சர்ஜனே சரிசெய்தவற்றில் தேறியது 17 சதவீதம்தான். அனுபவமுள்ள பித்தக்குழாய் சர்ஜன்கள் செய்தபோது 94. பழைய கணக்குதான். ஆனாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் படித்த பிறகு எனக்கு வேறு யோசனையே வரவில்லை.

அக்காவை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் வயிறு உப்பியது, வலது தோளில் வலி. போன் செய்தால் "கேஸ்தான், கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க" என்றார்கள். கண் மஞ்சளான பிறகுதான் ஸ்கேன். வயிற்றுக்குள் பித்தநீர் தேங்கியிருந்தது. வெட்டுப்பட்டதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். அந்த "கேஸ்தான்" மட்டும் இன்னும் ஆறவில்லை.

வெட்டுப்படுவது பெரும்பாலும் கண் ஏமாறுவதால். பித்தப்பையிலிருந்து வரும் சின்னக் குழாயைத்தான் வெட்ட வேண்டும். பையைப் பிடித்து இழுக்கும்போது கல்லீரலிலிருந்து வரும் பெரிய குழாயும் அதே நேர்கோட்டில் வந்து நிற்கும். வீக்கமும் ஒட்டுதலும் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். வே குழுவினர் பின்னாளில் 252 கேஸ்களை அலசியபோது 97 சதவீதத்தில் காரணம் இந்தக் காட்சிப் பிழைதான் என்றார்கள். லேப்ராஸ்கோப்பியில் ஆயிரம் பேரில் மூன்று, நான்கு பேருக்கு இது நேர்வதாகச் சொல்கிறார்கள்.

இனி என்ன நடக்கும்? காயம் சின்னதாக, வெறும் கசிவாக இருந்தால் வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டு (இ.ஆர்.சி.பி.), பித்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்தே ஆறவிடலாம். குழாய் முழுதாக அறுந்திருந்தால் அது போதாது. எந்த இடத்தில், எவ்வளவு போயிருக்கிறது என்று, பித்தக்குழாய்களைப் படமெடுத்துக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனில் பார்ப்பார்கள். ஆபரேஷன் மேஜையிலேயே தெரிந்து, அனுபவமுள்ள பித்தக்குழாய் சர்ஜனும் பக்கத்தில் இருந்தால் அப்போதே சரிசெய்யலாம். நாள் கடந்து, உள்ளே சீழும் வீக்கமும் வந்துவிட்டால் தையல் நிற்காது. ட்யூப் போட்டுப் பித்தநீரை வெளியேற்றி, தொற்றை அடக்கி, ஆறு வாரமோ அதற்கு மேலோ காத்திருப்பார்கள். வீட்டில் எல்லாரும் "ஏன் சும்மா வெச்சிருக்காங்க" என்று கேட்பார்கள். அந்தக் காத்திருப்பும் வைத்தியம்தான்.

அக்கா புடவை கட்டினால் ட்யூப் இழுக்கும் என்று நைட்டியும் தோளில் ஒரு துண்டுமாக இருந்தாள். காலையில் ட்யூபின் முனையில் பித்தநீர் சேரும் பையைத் திறந்து, கோடு போட்ட ஜாடியில் ஊற்றி, அளவை நோட்டில் எழுதுவது என் வேலை. பாசிப்பயறு வெந்த தண்ணீர் நிறம், விரலில் பட்டால் வழுக்கும், மஞ்சள் கறை எளிதில் போகாது. கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேலேயே பித்தநீர் சுரக்கும். அது வெளியே போனால் நீரும் உப்பும் சேர்ந்தே போகும். அதனால் வாந்தி, தலைச்சுற்றல் என்றால் அலட்சியம் கூடாது. குடலுக்குப் பித்தநீர் போகாவிட்டால் வைட்டமின் கே உடம்பில் சேராது, ரத்தம் உறையாது. அதற்கு ஊசி போடுவார்கள். எங்கள் அத்தை தினமும் கீழாநெல்லி அரைத்துக்கொண்டு வந்துவிடுவார். அறுந்த குழாய்க்குக் கீழாநெல்லி என்ன செய்யும்? அவரிடம் அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

கடைசியில் செய்யும் பெரிய ஆபரேஷனில், சிறுகுடலை ஓரிடத்தில் வெட்டி, ஒரு முனையை மேலே கல்லீரல் வரை கொண்டுவந்து பித்தக்குழாயின் மீதியோடு இணைப்பார்கள். மறுமுனையைக் கொஞ்சம் கீழே குடலிலேயே சேர்ப்பார்கள். சாப்பாடு ஒரு வழி, பித்தநீர் ஒரு வழியாக வந்து கீழே கலக்கும். அக்கா இப்போது சாம்பார் சாதம் சாப்பிடுகிறாள், ஸ்கூட்டி ஓட்டுகிறாள்.

பெரிய இடத்து ஆட்களுக்கும் இது நடந்திருக்கிறது. பிரிட்டன் வெளியுறவு அமைச்சராக இருந்த ஆண்டனி ஈடனுக்கு 1953 ஏப்ரலில் லண்டனில் பித்தப்பை ஆபரேஷனில் குழாய் சேதமானது. அங்கேயே மறுபடி திறந்தும் சரியாகவில்லை. ஜூனில் பாஸ்டனுக்குப் போய், பித்தக்குழாய்க்குப் பேர்போன ரிச்சர்ட் கேட்டலிடம் செய்துகொண்டார். 1955இல் பிரதமரானார். சூயஸ் நெருக்கடி உச்சத்தில் இருந்த 1956 அக்டோபரில் கடும் காய்ச்சலில் விழுந்தார், 1957இல் மீண்டும் கேட்டலிடமே போனார். 79 வயது வரை இருந்தார்.

அந்தக் காய்ச்சலை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இணைத்த இடம் சில வருடம் கழித்தும் சுருங்கலாம். அம்மாவுக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், உடம்பு அரிப்பு, சிறுநீர் அடர்மஞ்சள் என்று எது வந்தாலும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடாமல் ஆபரேஷன் செய்த பிரிவுக்கே போங்கள். காய்ச்சல் இல்லாவிட்டாலும் கல்லீரல் ரத்தப் பரிசோதனையைச் சொன்ன தேதிகளில் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. முதல் ஆபரேஷனின் குறிப்பு, ஸ்கேன், இருந்தால் வீடியோ எல்லாவற்றையும் இப்போதே எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. சண்டைக்குப் போகிறீர்களோ இல்லையோ, புது சர்ஜன் முதல் நாளே கேட்பது அந்தக் காகிதங்களைத்தான்.