சப்பரம் போகும் தெரு

அன்புள்ள அண்ணாச்சி,

எங்கள் ஊர் வள்ளியூர் பக்கம். இந்த வருஷம் அம்மன் கொடைக்கு, சப்பரம் சர்ச் தெரு வழியாக வரக்கூடாது என்று அந்தத் தெருக்காரர்கள் மனு கொடுத்தார்கள். தாலுகா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை வைத்து, எங்களிடம் கையெழுத்து வாங்கி, பாதையை மாற்றிவிட்டார்கள். சட்டம் எங்களுக்கு மட்டும்தானா? டிசம்பரில் அவர்கள் பவனி எங்கள் தெருவுக்குள் வரட்டும், பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள் பையன்கள். எங்கள் சப்பரம் காலங்காலமாகத் தெற்குத் தெருவுக்குப் போவதில்லை, அங்கே இருக்கிறவர்களும் கேட்டதில்லை. அப்படிச் சமாதானமாக இருந்த ஊர் இது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபம் நியாயமானது. பொதுத்தெரு அதில் குடியிருக்கிறவர்களின் மதத்துக்குச் சொந்தமில்லை. பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூரில் இதே பிரச்சினைதான், அங்கே எதிர்த்தவர்கள் இஸ்லாமியர்கள். ஒரு மதத்தார் அதிகம் வாழும் பகுதி என்பதற்காக இன்னொரு மதத்தாரின் ஊர்வலத்தைத் தடுக்க முடியாது என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நேரம், மேளம், ஒலிபெருக்கி இதற்கெல்லாம் போலீஸ் நிபந்தனை போடலாம், அது வேறு.

எனக்கு வருத்தம் அந்தப் பேச்சுவார்த்தையில்தான். நம் பக்கத்தில் எது நடந்தாலும் இரண்டு தரப்பையும் உட்காரவைத்து, யார் கொஞ்சம் பயந்தவர்களோ அவர்களிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு தந்த மத சுதந்திர உரிமை அங்கே பேரம் பேசுகிற பொருளாகிவிடுகிறது. அதைவிட மோசம், 'நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்' என்று ஆகிவிடுவதால் அதிகாரி எதற்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. தடுக்கத்தான் வேண்டும் என்றால் சட்டத்தில் வழி இருக்கிறது. முன்பு 144 என்றோமே, இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 163, அதன்படி காரணத்தைக் காட்டி எழுத்தில் உத்தரவு போடவேண்டும், சாதாரணமாக அது இரண்டு மாதத்துக்கு மேல் செல்லாது. அப்படி ஒரு தாள் உங்கள் கையில் இருந்தால் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் 'இது சரியா' என்று கேட்கலாம், போட்டவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். அதனால் அடுத்த தடவை கையெழுத்துப் போடாதீர்கள், உத்தரவைக் கேளுங்கள்.

டிசம்பர் பவனியைத் தொடாதீர்கள். உங்கள் சப்பரத்தைக் காக்கிற அதே 25-ஆம் பிரிவுதான் அவர்கள் பவனியையும் காக்கிறது. பையன்களிடம் இதை நீங்களேதான் சொல்லவேண்டும், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

அப்புறம் அந்தத் தெற்குத் தெரு. போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதைத் தாண்டி வாசிக்கவே முடியவில்லை. அவர்கள் கேட்கவில்லை என்கிறீர்கள், கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கழுகுமலை அப்போது நம் திருநெல்வேலி ஜில்லாதான். அங்கே தேரோடும் தெருக்களில் ஊர்வலம் போகும் உரிமை நாடார்களுக்கு மறுக்கப்பட்டது, பலர் கிறிஸ்தவத்துக்கு மாறினார்கள், 1895 பங்குனி உத்திரத்தன்று தேர் இழுக்கும்போது கலவரமாகி உயிர்கள் போயின. தெருவை மறுத்ததில் தொடங்கிய சண்டைதான் பிறகு மதச் சண்டையானது. இன்றைக்குத் தீண்டாமையை ஒழித்த 17-ஆம் பிரிவு இருக்கிறது. 2015-இல் திருத்திய வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பட்டியல் சாதியினர் மத ஊர்வலத்தில் கலந்துகொள்வதையோ அவர்களே ஊர்வலம் நடத்துவதையோ தடுப்பது குற்றம். சர்ச் தெருக்காரர்கள் உங்களிடம் சொன்னதும் 'இங்கே வரவேண்டாம்' என்பதுதான், தெற்குத் தெருவுக்கு உங்கள் ஊர் இத்தனை காலம் சொல்லிவந்ததும் அதுதான். உங்களுக்கு ஒரு வருஷமே இவ்வளவு வலிக்கிறது.

அடுத்த கொடைக்கு நாள் குறித்ததும் மனுவைக் கொடுத்துவிடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சப்பரம் போகும் தெருக்களைக் கேட்பார்கள். சர்ச் தெருவை எழுதுங்கள், வரியும் மரியாதையும் எப்படி என்று தெற்குத் தெருக்காரர்களோடு முதலில் உட்கார்ந்து பேசிவிட்டு, அந்தத் தெருவையும் எழுதுங்கள்.