அப்பாவுக்கு மூன்று பிள்ளைகள், எனக்கு ஏன் இல்லை?

கேள்வி: வேலந்தாவளத்தில் இளநீர் ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறேன். வயது 33. மனைவிக்கு லேப்ராஸ்கோப்பி வரை எல்லாம் முடிந்த பிறகுதான் என்னைப் பரிசோதித்தார்கள். இரண்டு முறை பார்த்தும் விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை. அளவு 3 மி.லி., எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் 24, விதைகள் சிறியவை என்று அறிக்கையில் இருக்கிறது. எஞ்சின் சூடுதான் காரணம் என்கிறார் அம்மா. விதையிலிருந்து அணுவைத் தேடி எடுக்க முன்பணம் கட்டச் சொல்கிறது ஒரு மருத்துவமனை. இன்னொரு டாக்டரோ முதலில் மரபணுச் சோதனை என்கிறார். அப்பாவுக்கு நாங்கள் மூன்று பிள்ளைகள். பரம்பரைக் கோளாறு எனக்கு எப்படி வரும்? அண்ணனுக்கும் குழந்தை இல்லை, தங்கைக்கு இரண்டு. அம்மா, அப்பாவுக்குச் சொந்த அக்கா மகள்.
— பெயர் வேண்டாம், வேலந்தாவளம்

பதில்: இரண்டாவது டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், தம்பி. முன்பணம் இப்போதைக்கு வேண்டாம்.

சூடு எண்ணிக்கையைக் குறைக்கும்; அதனால் மட்டும் அடியோடு இல்லாமல் போவது அரிது. எஃப்.எஸ்.எச். அதிகமாகவும் விதைகள் சிறியவையாகவும் இருப்பதால் குழாய் அடைப்பாகவும் தெரியவில்லை. விதை வேலை செய்யவில்லை, அதனால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதைத் தூண்ட மேலும் மேலும் எஃப்.எஸ்.எச். அனுப்புகிறது. உற்பத்தியில்தான் சிக்கல்.

மரபணுக் கோளாறு எல்லாமே அப்பாவிடமிருந்து வந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய 600 ஆண்களில் ஒருவருக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கிறது. க்ளைன்ஃபெல்டர் என்பார்கள். பெரும்பாலும் அப்பாவின் விந்தணுவோ அம்மாவின் முட்டையோ உருவாகும்போது தற்செயலாக நேரும் பிழை அது. ஒய் குரோமோசோமில் சிறு துண்டு விடுபடுவதும் பெரும்பாலும் மகனிடத்தில் புதிதாக நேர்வதே.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அண்ணன்தான். இந்த இரண்டில் எதுவுமே அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்ந்து வருவது அபூர்வம். அவருக்கும் இதே குறைதானா, வேறு காரணமா என்று தெரிய வேண்டும். இதே குறை என்றால் நெருங்கிய உறவில் நடந்த திருமணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். சொந்தம் என்பதால் ஒரே மரபணுவின் பழுதான பிரதி அப்பாவிடம் ஒன்றும் அம்மாவிடம் ஒன்றும் இருந்தால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் இரண்டும் சேர 25 சதவீத வாய்ப்பு உண்டு. அம்மாவின் எக்ஸ் வழியாக மகன்களுக்கு மட்டும் வருவதும் உண்டு. அம்மாவிடம் இதைக் குற்றமாகச் சொல்லிவிடாதீர்கள். அவருக்குத் தெரிந்து நடந்ததல்ல.

முதலில் கேரியோடைப், அதாவது குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் சோதனை; அடுத்து ஒய் குரோமோசோம் சோதனை. இரண்டும் ரத்தத்தில்தான். ஒய்யில் விந்தணு உற்பத்திக்கு வேண்டிய ஏ.இசட்.எஃப். ஏ, பி, சி என்று மூன்று பகுதிகள். ஏ அல்லது பி முழுதாக இல்லையென்றால் கத்தி வைத்தும் பயனில்லை, பணம்தான் போகும். சி மட்டும் இல்லையென்றால் பாதிப் பேருக்கு விதைக்குள் அணு கிடைக்கிறது. ஓர் அணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் குழந்தை பிறக்கலாம். ஆனால் பிறக்கும் மகனுக்கு அதே குறைபட்ட ஒய்தான் போகும். மகளுக்கு இந்தக் கவலை இல்லை. க்ளைன்ஃபெல்டர் என்றாலும் கதவு மூடவில்லை, மைக்ரோஸ்கோப் வைத்துத் தேடுவதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு அணு கிடைக்கிறது.

விடுபட்ட ஒய்யை எந்த லேகியமும் ஒட்டவைக்காது. 'ஆண்மை ஊசி' என்று டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொண்டால் விதையில் மிச்சமிருக்கும் உற்பத்தியும் நின்றுவிடும். உங்கள் முடிவு வரும்வரை மனைவிக்கு இன்னொரு ஸ்கேன்கூட வேண்டாம். அவர் பட்டது போதும். ரத்தம் கொடுக்கப் போகும் நாளில் அண்ணனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.